தென் கொரிய நிதிச் சீர்திருத்தம்

வங்கிக் கடன் யாருக்குப் போக வேண்டும், என்ன வட்டிக்குப் போக வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்விகளுக்குத் தென் கொரியா 1961 முதல் கண்ட மாறுபட்ட விடைகளின் வரலாறு இது. போரில் சிதைந்த நாடு இரண்டு தலைமுறைக்குள் தொழில் நாடானதும், 1997-இல் அன்னியச் செலாவணி வற்றித் தவித்ததும் இந்தக் கடன் வரலாற்றின் பகுதிகளே.

1961-இல் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்-ஹீ, பெருவணிகர்களிடமிருந்த வங்கிப் பங்குகளை அரசின் வசமாக்கினார். அதன்பின் கடன் என்பது அரசின் கையிலிருந்த மதகு. ஏற்றுமதி செய்பவருக்குத் திறந்தது, மற்றவருக்கு அடைத்தது. 1965 செப்டம்பரில் நீண்டகால வைப்புகளுக்கு ஆண்டு வட்டி 30 விழுக்காடுவரை உயர்த்தப்பட்டதும், தலையணைக்கடியில் கிடந்த பணம் வங்கிக்கு வந்தது. பொதுக் கடனுக்கு 26 விழுக்காடு வட்டி. ஏற்றுமதிக் கடனுக்கோ 6.5 விழுக்காடுதான். 1964-இல் 10 கோடி டாலரைத் தொட்ட ஏற்றுமதி, 1977-இல் 1,000 கோடி டாலரை எட்டியது.

தொழிற்சாலைக்குப் போன பணம் வீட்டுக்கு வரவில்லை. குடும்பங்கள் ‘கியே’ என்ற சீட்டைப் பிடித்தன. நம் ஊர்ச் சீட்டேதான், பெயர் மட்டும் வேறு. வீட்டுக் கடன் கிடைக்காததால் ‘சொன்செ’ முறை வேரூன்றியது. பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையை அப்படியே திரும்பப் பெறலாம். தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் என்பதைப் போன்ற ஏற்பாடு அது. வளர்ச்சியின் வரலாற்றை உருக்காலைகளைக் கொண்டு மட்டும் எழுதுவோர் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

1972 ஆகஸ்ட் 3 அன்று வெளியான அவசர ஆணை, கடன்மீது அரசு வைத்திருந்த பிடியின் கடுமையான வடிவம். நிறுவனங்கள் வங்கிக்கு வெளியே தனியாரிடம் வட்டிக்கு வாங்கியிருந்த கடன்களெல்லாம் ஒரே இரவில் முடக்கப்பட்டன. வட்டி மாதத்துக்கு 1.35 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மூன்றாண்டுக்கு அசல் கட்டத் தேவையில்லை, அடுத்த ஐந்தாண்டில் தவணையாகக் கட்டினால் போதும். பதிவான கடன் சுமார் 34,500 கோடி வொன். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, முதலாளிகளே தம் நிறுவனத்துக்கு மறைமுகமாக வட்டிக்கு விட்டிருந்த பணம்! சிறுகச் சேர்த்து வட்டிக்குக் கொடுத்தவர்கள் நட்டப்பட்டார்கள், நிறுவனங்கள் பிழைத்தன. மறு ஆண்டே உருக்கு, கப்பல், வேதிப்பொருள், இயந்திரம், மின்னணு என்று கனரகத் தொழில்களுக்குக் கடன் பாய்ந்தது. ‘சேபோல்’ எனப்படும் குடும்பத் தொழிற்குழுமங்கள் பெருத்தன.

எண்பதுகளில் வங்கிகள் தனியாருக்கு விற்கப்பட்டாலும் நிர்வாகிகளை நியமிப்பதில் அரசின் கை ஓங்கியே இருந்தது. அக்காலத்தின் இன்னொரு நோய் பொய்ப் பெயர்க் கணக்குகள். 1993 ஆகஸ்ட் 12 மாலை, அதிபர் கிம் யங்-சாம் அவசர ஆணையால் அவற்றுக்கு முடிவு கட்டினார். அன்று முதல் உண்மைப் பெயரில்லாமல் வங்கிப் பரிமாற்றம் கிடையாது. எல்லாச் சீர்திருத்தங்களிலும் துணிச்சலானது இதுவே. 1995-இல் முன்னாள் அதிபர் ரோ டே-வூவின் இரகசிய நிதி அம்பலமாகி அவர் கைதாவதற்கும் இதுவே வழிசெய்தது.

ஆனால் வெளிநாட்டுக் கடனுக்குக் கதவைத் திறந்த அரசு காவலைப் பலப்படுத்தவில்லை. தொண்ணூறுகளில் பெருகிய வணிக நிதி நிறுவனங்கள் வெளிநாட்டில் குறுகிய காலக் கடன் வாங்கி, உள்ளூரில் நீண்ட காலத்துக்குக் கொடுத்தன. 1996 டிசம்பரில் நாடு, வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஈசிடியில் சேர்ந்தது. அடுத்த மாதமே ஹான்போ உருக்கு நிறுவனம் சரிந்தது. அன்னியச் செலாவணி வற்றியதால், 1997 டிசம்பர் 3 அன்று பன்னாட்டு நாணய நிதியத்துடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்மாத நடுவில் உடனே எடுக்கக்கூடிய செலாவணிக் கையிருப்பு 390 கோடி டாலர்தான்.

1998 ஜனவரியில், நாட்டின் கடனை அடைக்க உதவவென்று மக்கள் வங்கிகளின் முன் தங்கத்துடன் வரிசையில் நின்றார்கள். திருமண மோதிரம் வந்தது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போடும் சின்ன மோதிரமும் வந்தது. அதன் வழக்கமான எடை 3.75 கிராம், அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. எடை போட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு, வொன்னாகப் பின்னர் பணம் பெற்றார்கள். சுமார் 35 லட்சம் பேர் தந்தது ஏறக்குறைய 227 டன். அது கடனை அடைத்துவிடும் அளவல்ல, ஆனால் மக்கள் யாரும் அந்தக் கடனை வாங்கியவர்களும் அல்லர்.

அவ்வாண்டு பொருளாதாரம் 5.1 விழுக்காடு சுருங்கியது. ஏப்ரலில் நிதி மேற்பார்வை ஆணையம் பிறந்தது, ஜூன் 29-இல் ஐந்து வங்கிகளுக்கு மூடுவிழா நடந்தது. பெருங்குழுமமான டேவூ 1999-இல் உடைந்தபோது அரசு அதைக் காக்கவில்லை. நிதியத்தின் கடன் 2001 ஆகஸ்டில், கெடுவுக்கு மூன்றாண்டு முன்பே அடைபட்டது.

உற்பத்தித்திறனில் பழைய முறையின் தடம் இன்னும் மறையவில்லை. கடனும் தொழில்நுட்பமும் குவிந்த பெரிய ஆலைகளுக்கும், சிறு நிறுவனங்கள், சேவைத் துறைகளுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. கொரியத் தொழிலாளி ஓஈசிடி சராசரியைவிட அதிக நேரம் உழைத்தும், ஒரு மணிநேரத்தில் விளையும் மதிப்பு அந்தச் சராசரிக்குக் கீழேயே இருக்கிறது. வார வேலைநேரத்தை 52 மணியாகக் கட்டுப்படுத்தும் சட்டம் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது.

குழுமங்களிடம் சூடுபட்ட வங்கிகள் குடும்பங்களின் பக்கம் திரும்பின. 2003-இல் கடன் அட்டை நெருக்கடி வெடித்தது. ஒரு காலத்தில் வீட்டுக்கு எட்டாதிருந்த வங்கிக் கடன், இன்று சொன்செ முன்பணம் கட்டுவதற்கே வாங்கப்படுகிறது.