தேசமில்லாத் தீவுகளின் மகளிர் அணி

1976ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னை மாநகரில் ஒரு டெஸ்ட் கிரிக்கெட் போட்டி நடைபெற்றது. இந்திய அணியை எதிர்த்து ஆட வந்தவர்கள் மேற்கிந்தியத் தீவினர். கிரிக்கெட்டின்மீது பற்றுக்கொண்ட நம்மவர் பலர், அக்காலத்து மேற்கிந்திய ஆட்டக்காரர்களின் பெயர்களை இன்றும் மனப்பாடமாக ஒப்பிப்பர். ஆயினும் அந்த நவம்பரில் சென்னையில் ஆடிய பதினொருவரில் ஒருவர் பெயரையேனும் சொல்ல வல்லவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். காரணம், அன்று ஆடியவர்கள் பெண்கள். நம் ஊருக்கே வந்து ஆடிச் சென்ற அந்த மகளிர் அணியின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

மேற்கிந்தியத் தீவுகள் என்பது ஒரு நாடன்று, ஒரு வட்டாரம். கரீபியன் கடலில் சிதறிக் கிடக்கும் பல தீவுகளும், தென் அமெரிக்கப் பெருநிலத்திலுள்ள கயானாவும் சேர்ந்து ஒரே அணியை அனுப்புகின்றன. அரசியலில் இவை ஒன்றாயிருக்க முயன்றதும் உண்டு. 1958 சனவரியில் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட பத்துப் பகுதிகள் இணைந்து மேற்கிந்தியக் கூட்டாட்சி ஒன்றை அமைத்தன. 1961இல் ஜமைக்கா மக்கள் பொது வாக்கெடுப்பின் வழியாக அதிலிருந்து விலகினர். 1962 மே மாத இறுதியில் கூட்டாட்சியே கலைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜமைக்காவும், டிரினிடாட்-டொபாகோவும் தனித்தனி நாடுகளாயின. கொடிகள் வேறாயின, நாணயங்கள் வேறாயின, நாட்டுப் பண்களும் வேறாயின. ஆனால் கிரிக்கெட் அணி மட்டும் பிரியவில்லை. அந்த அணிக்கெனத் தேசியகீதம் கிடையாது. டேவிட் ரடர் என்னும் டிரினிடாட் பாடகரின் கலிப்சோப் பாடல் ஒன்றே பிற்காலத்தில் அந்த இடத்தை நிரப்பிற்று.

அங்கு வாழும் மக்களும் பல திசைகளிலிருந்து வந்தவர்களே. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் பெரும்பான்மையினர். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் டிரினிடாடுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும், ஒரு பகுதியினர் நம் சென்னைத் துறைமுகம் வழியாகவும் சென்றவர்கள். டிரினிடாடின் தென்பகுதியிலுள்ள சிப்பாரியா ஊர்க் கத்தோலிக்க ஆலயத்தில் அன்னை மரியாவின் கருநிறச் சுரூபம் ஒன்று உண்டு. புனித வாரத்தில் இந்து மக்களும் அங்கே திரளாக வந்து, 'சிப்பாரி மாயி' என்று அழைத்து அன்னையிடம் வேண்டுதல் செய்வர். வேளாங்கண்ணியை அறிந்த நமக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட மண்ணிலிருந்து எழுந்ததே நாம் பேசவிருக்கும் அணி.

கதை 1973இல் தொடங்குகிறது. கிரிக்கெட் உலகக் கோப்பை என்றவுடன் 1975இல் ஆடவர் ஆடிய போட்டியையே முதலாவது என்று பலர் கூறுவர். அது சரியன்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1973 ஜூன், ஜூலை மாதங்களில் இங்கிலாந்தில் மகளிர் உலகக் கோப்பை நடந்து முடிந்துவிட்டது. இங்கிலாந்து அணித் தலைவி ரேச்சல் ஹெய்ஹோ ஃபிளின்ட் அம்மையாரின் முயற்சியாலும், ஜாக் ஹேவர்டு என்னும் செல்வர் அளித்த 40,000 பவுண்டு நன்கொடையாலும் அது கைகூடிற்று. ஏழு அணிகள் பங்கேற்றன. அவற்றுள் மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயரில் அணி எதுவும் இல்லை. ஜமைக்காவும், டிரினிடாட்-டொபாகோவும் தனித்தனியே வந்திருந்தன. டிரினிடாட் இரண்டு ஆட்டங்களில் வென்று ஐந்தாம் இடத்தையும், ஜமைக்கா ஒரே வெற்றியுடன் ஆறாம் இடத்தையும் பெற்றன.

அந்த இரு அணியினரும் பிற தீவுப் பெண்களும் சேர்ந்து ஒரே அணியாக வேண்டும் என்ற எண்ணம் அடுத்த மூன்றாண்டுகளுக்குள் நிறைவேறியது. அரசுகள் கூடிச் சாதிக்க இயலாததைப் பெண்களின் கரீபிய கிரிக்கெட் கூட்டமைப்பு சாதித்தது. 1976 மே மாதம் ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில், ஆஸ்திரேலியாவை எதிர்த்து மேற்கிந்திய மகளிர் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினர். 1973இல் டிரினிடாட் அணிக்குத் தலைமை தாங்கிய லூயீஸ் பிரவுன் என்பவரே புதிய அணிக்கும் தலைவியானார். அவருடைய உடன்பிறந்த சகோதரி ஒருவரும் அந்நாளைய அணியில் இடம்பெற்றார் என்பது, இது எத்தகைய இல்லங்களிலிருந்து வளர்ந்த அணி என்பதைக் காட்டும்.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் அவ்வணி இந்தியா வந்தது. இந்தியப் பெண்களுக்கு அதுவே முதல் டெஸ்ட் தொடர். நம் அணியின் தலைவி சாந்தா ரங்கசாமி, சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்காக ஆடியவர். பெங்களூர், சென்னை, தில்லி, பாட்னா, லக்னோ, ஜம்மு என ஆறு நகரங்களில் ஆறு டெஸ்டுகள் ஏறத்தாழ நான்கு வார காலத்திற்குள் நடந்தன. முதல் மூன்றும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. பாட்னாவில் இருபத்தையாயிரம் பேர் திரண்டிருந்த அரங்கில் இந்திய மகளிர் தம் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றனர். பத்து நாள் கழித்து ஜம்முவில் மேற்கிந்தியர் வென்று தொடரைச் சமன் செய்தனர். அவர்கள் இதுவரை ஆடிய பன்னிரண்டு டெஸ்டுகளில் வெற்றி பெற்றது அந்த ஒன்றில் மட்டுமே. ஆக, இரு நாட்டு மகளிரின் முதல் டெஸ்ட் வெற்றிகளும் நம் மண்ணில், ஒரே மாதத்தில் கிடைத்தவை.

1979இல் அவர்கள் இங்கிலாந்து சென்று மூன்று டெஸ்டுகள் ஆடினர், இரண்டில் தோற்றனர். அதன்பின் வரலாற்றில் ஒரு நீண்ட மௌனம். 1978, 1982, 1988 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் மேற்கிந்திய மகளிரைக் காணவில்லை. அதே ஆண்டுகளில்தான் மேற்கிந்திய ஆடவர் அணி உலகை வென்று நின்றது என்பதை நாம் மறக்கலாகாது. ஒரே தீவுகள், ஒரே ஆட்டம். ஒரு பக்கம் பேரொலி; மறுபக்கம் ஏடுகளில் ஒரு வரிகூட இல்லை.

அந்த ஆண்டுகளில் பெண்கள் ஆடாமலா இருந்தனர்? அப்படியிருந்திருப்பின் 1993இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கு மேற்கிந்திய மகளிர் அணி எங்கிருந்து வந்திருக்கும்? பன்னாட்டு ஆட்டப் பட்டியல்களில் இடைவெளி விழுந்ததேயன்றி, தீவுகளின் திடல்களில் ஆட்டம் நிற்கவில்லை. தாய் கற்றதை மகளுக்கும், அக்காள் கற்றதைத் தங்கைக்கும் கொடுத்து வந்தனர். இவ்விடத்தில் புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் உலகப் பெண்களுக்கு எழுதிய மடல் நம் நினைவுக்கு வருகிறது. வரலாற்றுக்குப் பெண்கள் ஆற்றிய பங்கு ஆண்களின் பங்குக்குக் குறைந்ததன்று என்றும், பெரும்பாலும் கடினமான சூழ்நிலையில் ஆற்றப்பட்ட அப்பணியில் மிகச் சிறிதளவே வரலாற்று ஏடுகளில் பதிவாகியுள்ளது என்றும் அவர் அதில் வருந்தி எழுதினார். ஏட்டில் இல்லாததால் நிகழவில்லை என்று முடிவு செய்வோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

2000ஆம் ஆண்டு உலகக் கோப்பையிலும் அவர்களுக்கு இடமில்லை. 2003இல் நெதர்லாந்தில் நடந்த தகுதிச் சுற்றில் இரண்டாமிடம் பெற்று மீண்டும் உள்ளே வந்தனர். அப்போட்டியில்தான் டிரினிடாடைச் சேர்ந்த, இந்திய வம்சாவளியினரான அனிசா முகமது பதினான்கு வயதுச் சிறுமியாக அறிமுகமானார். பின்னாளில் இருபது ஓவர் பன்னாட்டு ஆட்டங்களில் 100 விக்கெட்டுகளை முதன்முதலில் வீழ்த்தியவர் அவரே. ஆண்களிலும் அதுவரை எவரும் அதனைச் செய்ததில்லை. 2004 மார்ச்சில் கராச்சியில், இருபத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின், மேற்கிந்திய மகளிர் மீண்டும் ஒரு டெஸ்ட் ஆடினர். பாகிஸ்தானின் கிரண் பலூச் 242 ஓட்டங்கள் குவித்து உலக சாதனை படைத்த ஆட்டம் அது. முதல் இன்னிங்சில் சரிந்து, மீண்டும் உடனே ஆட நேர்ந்த நிலையில், செயின்ட் லூசியாவின் நதீன் ஜார்ஜ் 118 ஓட்டங்கள் எடுத்துத் தம் அணியைத் தோல்வியிலிருந்து காத்தார். டெஸ்டில் சதமடித்த முதல் மேற்கிந்தியப் பெண்மணி அவர். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வணிக்கு இன்னொரு டெஸ்ட் வாய்க்கவில்லை.

2005இல் உலக மகளிர் கிரிக்கெட் மன்றம் ஆடவரின் பன்னாட்டு மன்றத்துடன் இணைந்தது. பயிற்சியும் ஊதியமும் மெல்ல மெல்ல வரத் தொடங்கின. பலனும் விரைவில் தெரிந்தது. 2010 மே மாதம் பார்படோஸைச் சேர்ந்த டியான்ட்ரா டாட்டின் 38 பந்துகளில் சதமடித்தார். இருபது ஓவர் பன்னாட்டு ஆட்டத்தில் ஒரு பெண் அடித்த முதல் சதம் அது. 2013இல் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது, முதல் ஆட்டத்திலேயே சென்னையைச் சேர்ந்த திருஷ்காமினி மேற்கிந்தியருக்கு எதிராகச் சதமடித்தார். உலகக் கோப்பையில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம் அதுவே. அந்தத் தோல்வியிலிருந்து மீண்டெழுந்த மெரிசா அகிலேராவின் அணி, ஆஸ்திரேலியாவையும் ஒருமுறை வென்று, இறுதிப் போட்டி வரை முன்னேறியது. இறுதியில் அதே ஆஸ்திரேலியாவிடம் தோற்றது.

மூன்றாண்டுகள் கழித்து, 2016 ஏப்ரல் 3ஆம் நாள், கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் ஆஸ்திரேலியா; முந்திய மூன்று கோப்பைகளையும் தொடர்ந்து வென்ற அணி. வெற்றிக்கு 149 ஓட்டங்கள் தேவை. ஜமைக்காவின் ஸ்டெஃபானி டெய்லரும், பார்படோஸின் பதினெட்டே வயதான ஹேலி மேத்யூஸும் முதல் விக்கெட்டுக்கு 120 ஓட்டங்கள் சேர்த்தனர். மூன்று பந்துகள் மீதமிருக்க, எட்டு விக்கெட் வித்தியாசத்தில் கோப்பை கரீபியன் கடலுக்குச் சென்றது. ஆடவர் அணியினர் திடலுக்குள் ஓடிவந்து அவர்களோடு சேர்ந்து ஆடிக் களித்தனர். சில மணி நேரத்தில் அதே திடலில் ஆடவரும் தம் கோப்பையை வென்றனர். அன்றைய மகளிர் பதினொருவரில் ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், கிரெனடா, கயானா நாடுகளின் பெண்கள் இருந்தனர். 1962இல் உடைந்தது, விளையாட்டுத் திடலிலாவது உடையாமலிருந்தது.

வெற்றிக்கதையாக இதனை முடித்துவிட நமக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. 2025 ஏப்ரலில் லாகூரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தது. ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அணித் தலைவி ஹேலி மேத்யூஸ் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். பின்னர் ஆடும்போது தசைப்பிடிப்பால் தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். விக்கெட்டுகள் சரியவே மீண்டும் வந்து ஆடினார். 114 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றும் அணி தோற்றது. கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தின் 166 ஓட்டங்களை ஏறத்தாழப் பத்து ஓவர்களுக்குள் கடந்தாக வேண்டும் என்ற நிலை. பத்து ஓவர் ஐந்து பந்துகளில் கடந்தனர். ஆட்டத்தில் வெற்றி; ஆனால் ஓட்ட விகிதக் கணக்கில் வங்காளதேசத்துக்கு 0.639, மேற்கிந்தியருக்கு 0.626. அவ்வாண்டு இந்தியாவும் இலங்கையும் நடத்திய உலகக் கோப்பையில் அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று.

உடல் ஒன்றாயினும் உறுப்புகள் பல என்றும், வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்றும் புனித பவுலடியார் கொரிந்து நகரத் திருச்சபைக்கு எழுதினார். அவர் எழுதியது கிறிஸ்துவின் உடலாகிய திருச்சபையைப் பற்றி. கிரிக்கெட் அணியைப் பற்றியன்று. எனினும், பிரிந்துபோன தீவுகளின் மிகக் குறைவாக மதிக்கப்பட்ட உறுப்பினராகிய இப்பெண்கள், ஒன்றாயிருப்பதை ஐம்பது ஆண்டுகளாக விடாது காத்து வந்துள்ளனர் என்பதைக் காணும்போது அவருடைய சொற்கள் நமக்குப் பொருள் மிகுந்தனவாகத் தோன்றுகின்றன.

நம் பங்குகளிலும் வெள்ளி விழா மலர்களும் பொன்விழா மலர்களும் வெளிவருகின்றன. ஆலயம் கட்டிய குருக்களின் பெயரும், நன்கொடையாளர் பெயரும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. வீடு வீடாகச் சென்று பிடியரிசி சேர்த்த பெண்களின் பெயர்கள்? சிறார்க்கு மறைக்கல்வி கற்பித்த அக்காமார்களின் பெயர்கள்? அவர்களுள் சிலர் இன்னும் நம்மிடையே முதிய வயதில் இருக்கின்றனர். கேட்டால் மகிழ்ந்து சொல்வர். அடுத்த மலர் அச்சேறுமுன் ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் இல்லங்களுக்குச் சென்று வருவோமாக. 1976 நவம்பரில் சென்னையில் ஆடியோரின் பெயர்களை நாம் கேட்டு வைக்கத் தவறியதுபோல், இவர்கள் பெயர்களையும் தவறவிட வேண்டாம்.