புள்ளடி

வாக்கு என்ற சொல்லைப் பற்றி அறிஞர் பலர் பேசிவிட்டனர். பேச்சைக் குறித்த அச்சொல் உறுதிமொழியைக் குறித்து, பின்னர் தேர்தலுக்கும் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயரின் வோட்டும் தெய்வத்துக்கு வைக்கும் நேர்த்தியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. வேட்பாளர் தருவது வாக்குறுதி, நாம் அளிப்பது வாக்கு. இவ்விரண்டில் எது கூடுதலாகக் காப்பாற்றப்படுகிறது என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும். நான் இன்று எடுத்துக்கொள்வது அதனினும் எளிய ஒரு சொல்லை. அது புள்ளடி.

புள் என்றால் பறவை. இன்று காகத்தையோ கோழியையோ புள் என்று அழைப்பார் இல்லை. புள் நிமித்தம் என்ற தொடரும் இலக்கியம் கற்றோரிடமே எஞ்சியுள்ளது. ஆயினும் பள்ளிக்கூட வாசலை மிதியாத ஆச்சியும் தேர்தல் வந்தால் “ஆருக்குப் புள்ளடி?” என்று கேட்கிறாள். சங்கத் தமிழ் ஒன்று வாக்குச் சாவடிக்குள் உயிர்பிழைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பே. ஈரமண்ணில் கோழி நடந்துபோன தடத்தைப் பார்த்தவர்களுக்கு இப்பெயரின் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

தமிழகத்தில் இச்சொல் தேர்தலோடு ஒட்டவில்லை. அங்கே இறப்பர் முத்திரையைக் குத்தினார்கள். ஆகவே ‘ஓட்டுக் குத்துதல்’ என்றார்கள். இப்போது இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகிறார்கள். நாமோ கையால் கோடு கீறுகிறோம். நம் நாட்டிலும் தொடக்கத்திலேயே புள்ளடி இருந்ததில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது வேட்பாளருக்கு ஒரு நிறப்பெட்டி வைத்தார்கள். விரும்பிய நிறத்துப் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். சின்னங்கள் அச்சிட்ட வாக்குச்சீட்டு வந்த பின்னரே கீறல் வந்தது. 1982இல் சனாதிபதித் தேர்தல் 1, 2, 3 என இலக்கமிடும் முறையைக் கொணர்ந்தது. 1989இன் பொதுத் தேர்தலோ கட்சிக்கு ஒன்று, விருப்பு வாக்குக்கு மூன்று வரை எனப் புள்ளடிகளைப் பெருக்கிவிட்டது. ஒரே கட்சிக்காரர் தமக்குள் மோதிக்கொள்ளவும் அதுவே வழிசெய்தது.

புள்ளடிக்கு இன்னொரு பொருளும் உண்டு. எழுதும்போது விடுபட்ட எழுத்தையோ சொல்லையோ சேர்ப்பதற்காக இடும் குறியும் புள்ளடியே. இப்பொருளை அறிந்த நாள் முதல் மலையகத்தை நினையாமல் என்னால் இச்சொல்லை உச்சரிக்க முடிவதில்லை. 1947இன் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரசை அல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கினார்கள். கொழுந்து கிள்ளி நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்களின் பெயர்கள் அவ்வாறுதான் விடுபட்டன. 1952இல் அவர்களின் பிரதிநிதி ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்லவில்லை.

விடுபட்ட பெயர்களைத் திரும்பச் சேர்க்க ஒப்பந்தங்களும் சட்டங்களும் பல தேவைப்பட்டன. அதற்குள் இலட்சக்கணக்கானோர் கப்பலேறிவிட்டனர். நாடற்றவராய் எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.