பவானி ஜமக்காளம்: விரிப்பின் வரலாறும் சொல்லின் சான்றும்

முன்னுரை

தில்லியில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் கரோல் பாக் வட்டாரமும் ஒன்று. அதனை ஒட்டிச் செல்லும் புசா ரோட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அமைந்துள்ளது. அங்கு வாழும் தமிழர், அன்றாடப் பொருள்கள் பலவற்றை இரு பெயர்களால் அறிவர். தரையில் விரிக்கும் பருத்தி விரிப்பு அத்தகைய பொருள்களுள் ஒன்றாகும். இந்தி வழங்குவோர் அதனைத் ‘தரி’ என்பர். தமிழர் ‘ஜமக்காளம்’ என்பர். முடிச்சிட்டு நெய்யப்படும் மயிர்விரிப்பு இவ்விரண்டினின்றும் வேறானது. அதனை இந்தியில் ‘காலீன்’ என்றும், தமிழில் ‘கம்பளம்’ என்றும் வழங்குவர்.

இந்தியக் கைவினை விரிப்புகளின் வரலாறு பெரும்பாலும் கம்பளத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஜமக்காளம் அதில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றது. இந்நிலைக்குரிய காரணத்தையும், ஜமக்காளத்தின் வரலாற்றுக்குரிய சான்றுகள் எங்குள்ளன என்பதையும் பவானி ஜமக்காளத்தை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரண்மனைக் கம்பளம்

முகலாயப் பேரரசர் அக்பர் காலத்தில் ஆக்ரா, பதேபூர், லாகூர் ஆகிய நகரங்களில் கம்பளங்கள் நெய்யப்பட்டமையை அபுல் பசல் தம் ‘அயினி அக்பரி’யில் குறிப்பிடுகின்றார். லாகூரில் நெய்யப்பட்டு 1634இல் இலண்டன் கெர்ட்லர்ஸ் வணிகக் குழுவிற்குக் கிடைத்த கம்பளம் இன்றும் அக்குழுவிடம் உள்ளது. தக்காணத்தில் நெய்யப்பட்ட பழங்கம்பளங்கள் சில, ஜப்பானின் கியோட்டோ நகரில் நடைபெறும் கியோன் திருவிழாத் தேர்களை அணிசெய்து வந்துள்ளன. ஆக்ரா மத்தியச் சிறையில் விக்டோரியா அரசிக்காக நெய்யப்பட்ட பெருங்கம்பளம் விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்தைச் சேர்ந்தது. சென்னை மாகாணத்துக் கம்பள நெசவு பற்றி எச். டி. ஹாரிஸ் எழுதிய தனிநூல் 1908இல் வெளிவந்தது.

இவ்வாறு கம்பளத்திற்கு அரசவைக் குறிப்பும், வணிகக் கணக்கும், அருங்காட்சியகச் சான்றும் கிடைக்கின்றன. அது விலையுயர்ந்த பொருள். கொடையாகவும் ஏற்றுமதிச் சரக்காகவும் அமைந்தது. ஆதலின் பேணிக் காக்கப்பட்டது. ஜமக்காளத்தின் நிலை வேறு. திருமண வீட்டிலும் ஊர்க் கூட்டத்திலும் கச்சேரி மேடையிலும் விரிக்கப்பட்டு, மிதிபட்டு, துவைக்கப்பட்டு, நைந்து கிழியும் வரை அது பயன்பட்டது. கிழிந்ததை எவரும் பேழையில் வைத்துப் போற்றவில்லை. பயன் மிகுதியாக இருந்தமையே அதன் பழஞ்சான்றுகள் அழிந்தமைக்குக் காரணம் எனலாம்.

நெசவு முறை

இருவகை விரிப்புகளுக்கும் உள்ள வேறுபாடு நெசவிலேயே தொடங்குகின்றது. கம்பளத்தில் பாவு இழைகளின்மீது தனித்தனி முடிச்சுகள் இடப்படும். ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் ஊடை இழை செலுத்தி அடித்து இறுக்குவர். முடிச்சுகளின் வெட்டப்பட்ட நுனிகளே மேற்பரப்பில் மயிர்போல் நிற்கும். அவற்றைக் கத்தரித்துச் சமன் செய்வர். காஷ்மீரத்தில் எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைத் ‘தாலீம்’ எனப்படும் குறியீட்டு எழுத்தில் எழுதிவைப்பர். அதனை ஒருவர் உரக்கப் படிக்க, நெய்வோர் கேட்டு முடிச்சிடுவது மரபாகும்.

ஜமக்காளத்தில் முடிச்சு இல்லை. பாவும் ஊடையும் பின்னுவதே முழு நெசவும். ஆயினும் அது சாதாரணத் துணி நெசவினின்றும் வேறுபட்டது. ஊடையாகச் செல்லும் பருமனான நூல், பாவு இழைகள் கண்ணுக்குத் தெரியாவண்ணம் நெருக்கி அடிக்கப்படுகின்றது. ஆகவே மேற்பரப்பில் காணும் நிறம் ஊடையின் நிறமேயாகும். நாடாவில் உள்ள நூலின் நிறத்தை மாற்றுந்தோறும் விரிப்பின் குறுக்கே ஒரு புதிய பட்டை தோன்றுகின்றது. விரிப்பின் இருபுறமும் ஒரே தோற்றத்துடன் அமைவதும் இம்முறையின் பயனாகும். கம்பளத்திற்கு மேற்புறமும் அடிப்புறமும் உண்டு. ஜமக்காளத்தைத் திருப்பிப் போட்டும் விரிக்கலாம்.

பவானியில் இவ்வேலை குழித்தறியில் நடைபெறுகின்றது. அகலமான விரிப்பாயின் ஒரே தறியில் இருவர் அருகருகே அமர்வர். ஒருவர் செலுத்தும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவர். இருவர் கால் மிதிப்பும் கை வேகமும் ஒத்திசைய வேண்டும். ஒருவர் அடியில் இறுக்கமும் மற்றவர் அடியில் தளர்ச்சியும் இருப்பின் பட்டை கோணலாகிவிடும். தறியில் அமர்வதற்கு முன்னரே நூலுக்குச் சாயமேற்றுதல், பாவு ஓடுதல், தார் சுற்றுதல் ஆகிய வேலைகள் முடிந்திருக்க வேண்டும். இவற்றில் குடும்பத்தார் பலர் பங்குகொள்வர். எனவே ஒரு ஜமக்காளம் என்பது ஒருவர் கைப்படைப்பன்று; ஒரு வீட்டின் கூட்டுழைப்பு.

பவானியின் எழுச்சி

காவிரியும் பவானியும் கூடும் இடத்தில், சங்கமேசுவரர் கோயிலைக் கொண்டு விளங்கும் ஊர் பவானி. இன்றைய ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணிகளின் வரவால் இந்தியக் கைத்தறி பெரும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. அக்காலத்தில் பவானியில் வாழ்ந்த ஜங்கமர் எனப்படும் நெசவாளர், பருமனான வண்ண நூல்களைக் கொண்டு விரிப்புகளை நெய்யத் தொடங்கினர். காலப்போக்கில் இவ்வட்டாரத்தில் சேலை முதலிய பிற நெசவுகளின் இடத்தை ஜமக்காளம் பெற்றது.

இம்மாற்றம் உற்றுநோக்கத்தக்கது. மெல்லிய துணியில் ஆலையோடு போட்டியிட்டு நிற்பது கைத்தறிக்கு அரிதாயிற்று. பருமனான நூலில், அகலமான பரப்பில், இருவர் இசைந்து நெய்யும் பொருளில் கைத்தறிக்கு இடம் எஞ்சியிருந்தது. பருநூல் விரிப்பில் நேர்பட்டைகள் எளிதில் அமைந்தன. நுண்ணிய பூவேலை அமையவில்லை. அக்குறையை நீக்கப் பின்னர் மென்மையான செயற்கைப் பட்டு நூலைக் கையாண்டு, கரையும் உருவும் அமைந்த மற்றொரு வகையை உருவாக்கினர். ஆகவே பவானி ஜமக்காளத்தை மாறாத பழமையின் எச்சமாகக் கருதுவது பொருந்தாது. நெருக்கடிக்கு நெசவாளர் கண்ட விடையாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

சொல் தரும் சான்று

பொருட்சான்று குறைந்த இடத்தில் மொழிச்சான்று துணைநிற்கின்றது. ‘பாய்’, ‘தவிசு’ முதலியன தமிழில் பழைய சொற்கள். ‘ஜமக்காளம்’ பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. ஜமுக்காளம், சமுக்காளம் எனவும் இது வழங்குகின்றது. கன்னடத்திலும் மராத்தியிலும் இதனோடு உறவுடைய ‘ஜமகானா’ என்னும் வடிவம் உண்டு. ஜங்கமர் வீரசைவ மரபினர். அம்மரபு பன்னிரண்டாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவரால் தழைத்தது. சொல் வந்த வழியும் கைத்திறன் வந்த வழியும் ஒன்றாக இருத்தல் கூடுமா என்பது மேலும் ஆராயத்தக்கது.

பேச்சு வழக்கில் முழுப் பொய்யை ‘ஜமக்காளத்தில் வடிகட்டிய பொய்’ என்பர். மெல்லிய துணியில் வடிகட்டுவது எவர்க்கும் இயல்பு. ஊடை நெருங்கி இடைவெளியற்று நிற்கும் ஜமக்காளத்தில் வடிகட்டுவது அரிது. அதிலும் வடிகட்டி எடுத்தது கலப்பில்லாத பொய்யாகவே இருக்கும் என்பது இவ்வழக்கின் கருத்தாகலாம். நெசவின் இறுக்கத்தைக் கையால் தொட்டு அறிந்த மக்களிடமே இத்தொடர் பிறந்திருக்க முடியும். அருங்காட்சியகம் காக்கத் தவறிய ஒரு பண்பை மொழி காத்துள்ளது.

சட்டமும் காப்பும்

கைத்தறிக்கெனச் சில பொருள்களை ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. 1993இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஒதுக்கீட்டுப் பட்டியலில் 22ஆக இருந்த பொருள்கள் பின்னர் 11ஆகக் குறைக்கப்பட்டன. குறைக்கப்பட்ட பட்டியலிலும் ஜமக்காளம் இடம்பெற்றுள்ளது. 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், 2005-06ஆம் ஆண்டில் பவானி ஜமக்காளம் பதிவு பெற்றது.

இவ்விரு சட்டங்களும் இருவேறு காப்புகளைத் தருகின்றன. முன்னது எவ்வாறு நெய்யவேண்டும் என்பதைக் காக்கின்றது. பின்னது எவ்வூர்ப் பெயரைத் தாங்கலாம் என்பதைக் காக்கின்றது. எனினும் விசைத்தறியில் நெய்த விரிப்புகள் ஜமக்காளம் என்ற பெயரில் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. வாங்குவோர்க்கு வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. கூலி போதாமையால் இளந்தலைமுறையினர் வேறு தொழில்களை நாடுகின்றனர். இருவர் இசைந்து அமரவேண்டிய தறியில் ஒருவர் எழுந்து சென்றால் மற்றவரும் நெய்ய இயலாது. யார் நெய்வது என்னும் வினாவிற்குச் சட்டத்தில் விடை இல்லை.

முடிவுரை

கம்பள நெசவு நாளையே நின்றுபோயினும் அதன் வரலாற்றை எழுத அருங்காட்சியகங்களில் சான்றுகள் உள்ளன. ஜமக்காளத்திற்கு அந்நிலை இல்லை. அதன் சான்றுகள் தறியில் அமரும் கைகளிலும், அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களிலுமே உள்ளன. நாடா, தார், விழுது, அச்சு முதலிய சொற்களைப் பவானித் தறிக்கூடங்களில் கேட்டு, பொருள் விளக்கத்துடன் தொகுப்பது தமிழ்த் துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். புசா ரோட்டுத் தமிழ்க் குழந்தைக்குத் ‘தரி’ என்ற சொல் தெருவிலேயே கிடைக்கும். ‘ஜமக்காளம்’ என்ற சொல்லும் கிடைக்கவேண்டுமாயின் அது வீட்டில் வழங்கவேண்டும். அதற்குப் பவானியில் தறி ஓடவேண்டும்.