வாசலில் நிற்காத டீசல்

சுங்கைப் பட்டாணியில் எந்த எண்ணெய் நிலையத்தில் நின்று பார்த்தாலும் மஞ்சள் கைப்பிடிக் குழாய்க்குத்தான் கூட்டம். மைவியும் சாகாவும் அக்சியாவும் வந்து நின்று ரோன்95 பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போகும். டீசலின் கறுப்புக் கைப்பிடிக்கு வருகிறவை வேறு வகை வண்டிகள்: மணல் லோரி, செம்பனைக் குலை ஏற்றும் லோரி, பேக்டரி பஸ், பள்ளி வேன், சேறு படிந்த ஹைலக்ஸ். பிள்ளைகளோடு வரும் குடும்பக் காடி அந்தக் குழாயடியில் நிற்பது அபூர்வம்.

லோரி ஓட்டுகிறவரைக் கேட்டால் டீசலின் சிக்கனத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். ஒரே எடை, ஒரே தூரம் என்றால் பெட்ரோல் இஞ்சின் குடிப்பதில் ஐந்தில் ஒரு பங்கையாவது டீசல் இஞ்சின் மிச்சப்படுத்தும். அப்படிச் சொல்கிறவரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போவது பெட்ரோல் காடியில்தான். அவர் சம்பளத்துக்கு எட்டும் விலையில் டீசல் காடி கடையில் இல்லை. இந்த வட்டாரத்தின் பாரத்தையெல்லாம் சுமந்த எண்ணெய், வீட்டு வாசலில் மட்டும் ஏன் நிற்கவில்லை? அது வந்த வழியிலேயே நடந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அந்த வழி ஜெர்மனியில் தொடங்குகிறது. ருடோல்ஃப் டீசல் 1893ல் தம் இஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். 1897ல் ஆக்ஸ்பர்க் நகரில் அது ஒழுங்காக ஓடியது. பெட்ரோல் இஞ்சினுக்கு ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தீப்பொறி வேண்டும். ருடோல்ஃப் டீசல் செய்த இஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினைந்து இருபது மடங்கு இறுக்கினால் அந்தக் காற்றே நெருப்பாய்க் கொதிக்கும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். இறுக்கம் கூடக் கூட, எரிகிற எண்ணெயிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு அதிக சக்தி அடங்கியிருக்கிறது. சிக்கனத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

1900ல் பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை இஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. தாவர எண்ணெயைக் குடிக்கத் தெரிந்த இயந்திரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். செம்பனை சூழ்ந்த நம் ஊருக்கு வரும்போது இது பெரிய செய்தியாகும். முதன்முதலாக வரிசையாய்ச் செய்து விற்கப்பட்ட டீசல் கார்களில் ஒன்றான மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி 1936ல் வெளிவந்தது. சுங்கைப் பட்டாணியின் மணிக்கூண்டு எழுந்ததும் அதே 1936ல்தான்.

கெடாவின் தோட்டங்களில் டீசல் முதலில் காடியாக வரவில்லை, இஞ்சினாக வந்தது. ரப்பர் ஆலையின் உருளைகளைச் சுற்றியது. பிறகு லயத்து வீடுகளுக்கு விளக்குத் தந்தது. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் ஜெனரேட்டர் தடதடக்கத் தொடங்கும்; லயம் வெளிச்சமாகும். இரவு பத்து மணி வாக்கில் சத்தம் அடங்கும். அதோடு வெளிச்சமும் போகும். அதற்குள் பிள்ளைகள் பாடம் எழுதி முடித்திருக்க வேண்டும். டீசல் எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்று முடிவு செய்தது நிர்வாகம். அந்த நேரத்துக்குள் வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டது குடும்பம்.

அதன் பிறகு டீசல் தண்டவாளத்தில் ஏறியது. 1957ல் மலாயா ரயில்வேக்கு டீசல்-மின் இஞ்சின்கள் வந்தன. நீராவி மெல்ல ஒதுங்கியது. சாலையிலோ, பட்டர்வொர்த்துக்கும் அலோர் ஸ்டாருக்கும் இடையே பழைய மெர்சிடிஸ் டீசல்கள் வாடகை டாக்சிகளாக ஓடின. காடி என்ற உருவில் டீசலை நம் மக்கள் அறிந்தது அப்படித்தான். உடையவர்களாக அறியவில்லை, நான்கு பேரோடு இடத்தைப் பங்கிட்ட பயணிகளாக அறிந்தார்கள்.

1970களில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் திறந்தபின் பேக்டரி பஸ்கள் வந்தன. பால் வெட்டப் போக வேண்டியிருந்த பெண் பிள்ளைகளை விடியலுக்கு முன்பே தோட்டத்து வாசலில் ஏற்றிக்கொண்டு போன பஸ்கள் அவை. ஒரு தலைமுறையைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுபோன வண்டி டீசலில் ஓடியது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

இஞ்சினாக, ரயிலாக, டாக்சியாக, பஸ்ஸாக இவ்வளவு தூரம் வந்த டீசல், வீட்டுக் காடியாக மாறும் இடத்தில் நின்றுபோனது. அதன் குறுக்கே அடுத்தடுத்துச் சில கதவுகள் இருந்தன.

முதல் கதவு ரோட் டேக்ஸ். மலேசியாவில் தனியார் டீசல் காருக்கான சாலை வரி நெடுங்காலம் பெட்ரோல் காருக்கானதைவிட மிக அதிகமாக இருந்தது. தொழிலுக்கென்று மலிவாக வைத்த எண்ணெயைச் சொந்தச் சவாரிக்கு எரிப்பவரிடம் அதை வரியாகத் திருப்பி வாங்கும் கணக்கு இது. எண்ணெயில் மிச்சமானதை வருடா வருடம் வரி தின்றது. 2009ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில்தான் இரண்டும் சமமாயின. அதற்குள் மக்கள் பெட்ரோலுக்குப் பழகிவிட்டார்கள், பட்டறைகளும் பழகிவிட்டன.

இரண்டாவது கதவு தேசியக் கார். 1985ல் புரோட்டான் சாகா வந்தது. 1994ல் பெரோடுவா கஞ்சில் வந்தது. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த எத்தனையோ குடும்பங்களின் முதல் காடி இவற்றில் ஒன்றுதான். இரண்டும் பெட்ரோலில் ஓடின. 1990களில் புரோட்டான் வீராவில் டீசல் வகை ஒன்றும் வந்தது, அது வேரூன்றவில்லை. வெளிநாட்டுக் கார்கள் மீது உயர்ந்த வரி இருந்ததால், டீசல் வேண்டுமென்றால் விலையுயர்ந்த ஐரோப்பியக் காரைத்தான் பார்க்க வேண்டும். சிறிய, மலிவான, சிக்கனமான டீசல் கார் என்பது நம் சந்தையில் இடம்பிடிக்கவே இல்லை. பிக்-அப் வண்டி மட்டும் வணிக வாகனம் என்ற கணக்கில் வரிச் சலுகையோடு உள்ளே வந்தது. ஹைலக்ஸும் டிரைட்டனும் இன்று இவ்வளவு கண்ணில் படுவதற்கு அது முக்கியமான காரணம்.

மூன்றாவது கதவைப் பலர் கவனிப்பதில்லை. அது எண்ணெயின் உள்ளேயே இருந்தது. பழைய டீசல் இஞ்சின் முரட்டுப் பிள்ளை. எதைக் கொடுத்தாலும் குடிக்கும். ஐரோப்பாவின் புதிய டீசல் கார் அப்படியல்ல. அதன் பீய்ச்சுகுழல்கள் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்கின்றன. புகைபோக்கியில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. டீசலில் கந்தகம் இருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் அந்தக் கருவிகள் கெட்டுப்போகும். யூரோ 5 தரத்தில் பத்து லட்சம் பங்கு டீசலில் கந்தகம் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. நம் நிலையங்களில் பல ஆண்டுகள் விற்ற யூரோ 2எம் டீசலில் 500 பங்கு வரை இருக்கலாம். ஐம்பது மடங்கு வித்தியாசம்.

அந்த நிலையில் எந்த நிறுவனம் தன் நல்ல டீசல் காரை நம்பி இங்கே அனுப்பும்? 2014ல் பிஎச்பெட்ரோல் நிறுவனம் ஜொகூரில் யூரோ 5 டீசலை விற்கத் தொடங்கியது. அது மெல்ல மெல்ல வடக்கே ஏறி வந்தது. 2017ல் நம் பக்கத்து ஊரான கூலிமில், இனோகோம் ஆலையில் பொருத்தப்பட்ட மஸ்டா சிஎக்ஸ்-5 டீசல் வகையோடு விற்பனைக்கு வந்தது. கெடா மண்ணிலேயே உருவான டீசல் குடும்பக் காடி! ஆனால் விலை ஒன்றரை லட்சம் வெள்ளிக்கும் மேல். நாடு முழுவதும் யூரோ 5 டீசல் மட்டுமே விற்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது 2021 ஏப்ரலில். அதற்குள் உலகம் டீசல் காரைக் கைகழுவத் தொடங்கியிருந்தது.

நான்காவது கதவு நம் தோட்டத்திலிருந்தே வந்தது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்கள் ஏராளம். அந்தப் பழத்து எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால் டீசலோடு கலக்கக்கூடிய எரிபொருளும் கிளிசரினும் கிடைக்கும். மலேசியாவின் செம்பனை ஆய்வுக் கழகம் 1980களிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. 2006ல் தேசிய உயிரிஎரிபொருள் கொள்கை வந்தது. 2011ல் 5 விழுக்காடு கலந்த டீசல் விற்பனைக்கு வந்தது. 2014ல் அது 7 ஆனது. 2019ல் 10 ஆனது. 20 விழுக்காட்டுக் கலவையை 2020 ஜனவரியில் முதலில் தொடங்கியது நம் கெடாவின் லங்காவியில்தான். பாரிஸில் கடலை எண்ணெய் குடித்த இஞ்சின், நூற்று இருபது ஆண்டு கழித்து நம் ஊர்ச் செம்பனை எண்ணெயைக் குடிக்கிறது.

குலை வெட்டுகிறவருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் இது நல்லது. பழத்துக்கு உள்நாட்டில் ஒரு நிலையான தேவை உண்டாகிறது. ஆனால் செம்பனை டீசல் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். சில இஞ்சின்களில் மசகு எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஐரோப்பாவின் அளவு 7 விழுக்காட்டோடு நின்றிருந்ததால், அதற்குமேல் கலந்ததைத் தம் கார்களுக்கு ஊற்ற வேண்டாம் என்று சில நிறுவனங்கள் தயங்கின. அதனால் இங்கே இரண்டு வகை டீசல் விற்கத் தொடங்கினார்கள்: 10 விழுக்காடு கலந்தது ஒரு விலை, 7 விழுக்காடு கலந்தது லிட்டருக்கு 20 காசு கூடுதல். நம் கை உழைப்பில் விளைந்த எண்ணெயே டீசல் காடியை நம் வாசலிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளி நிறுத்தியது.

கடைசிக் கதவு விலை. 2021 முதல் சில ஆண்டுகள் டீசல் 2 வெள்ளி 15 காசு. ரோன்95 2 வெள்ளி 5 காசு. பெட்ரோலே இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் நாட்டில் சிக்கனமான இஞ்சினுக்காக அதிக விலை கொடுக்க யாருக்கு மனம் வரும்? மலிவு டீசலோ கடத்தல் போன்ற வேறு வழிகளில் ஒழுகியது. தாய்லாந்து எல்லை இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள்தான். அரசு சொன்ன கணக்கில், டீசல் மானியச் செலவு 2019ல் 140 கோடி வெள்ளி. 2023ல் 1,430 கோடி. அதே காலத்தில் டீசல் வாகனங்கள் கூடியதோ வெறும் 3 விழுக்காடு.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. பள்ளிப் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் சலுகை அட்டை கிடைத்தது. தகுதியுள்ள தனியார் டீசல் வண்டிக்காரர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவி வந்தது. பழைய பிக்-அப் வைத்துச் சிறு வியாபாரம் செய்தவர்கள் அந்த நாளை மறக்க மாட்டார்கள். டீசல் காடி வாங்கலாமா என்று யோசித்திருந்த கொஞ்சம் பேரும் யோசனையை விட்டார்கள்.

தமிழ்நாட்டுக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே டீசல் பெட்ரோலைவிட மிக மலிவாக இருந்தது; 1998ல் வந்த டாடா இண்டிகா தொடங்கிச் சிறிய டீசல் கார்கள் தெருவுக்குத் தெரு ஓடின. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தது. அதோடு மாருதி சுசுகி டீசல் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் விற்ற புதுக் கார்களில் பாதி டீசல்தான். 2015ல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்தது வெளிப்பட்டபின் அங்கேயும் சரிந்தது. இஞ்சினின் சிக்கனம் எங்கும் குறையவில்லை. அதைச் சுற்றியிருந்த விலையும் விதியும் மாறின. கார் வந்ததும் போனதும் அவற்றால்தான்.

டீசல் காடி நம் வாசலுக்கு வராததில் நமக்கு நட்டம் மட்டுமே என்று சொல்ல எனக்கு மனமில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் உறுதியாக அறிவித்தது. கந்தகம் மிகுந்த டீசலில் ஓடிய பஸ்ஸுக்கும் லோரிக்கும் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனவர்களும், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வேனுக்குப் பக்கத்தில் புத்தகப்பையோடு நின்ற பிள்ளைகளும் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். என் மனக்குறை அதில்தான். காடி வராததற்காக நான் வருந்தவில்லை. சுத்தமான எண்ணெய் இவ்வளவு தாமதமாக வந்ததற்காக வருந்துகிறேன். சொந்தக் காடிக்குத் தகுதியில்லாத எண்ணெய், நம் பிள்ளைகள் போகும் வேனுக்கு மட்டும் எப்படித் தகுதியானது?

டீசல் இப்போது ஒவ்வோர் இடமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. 2015 முதல் சுங்கைப் பட்டாணி வழியாகப் பாடாங் பெசார் வரை மின்சார ரயில் ஓடுகிறது. அடுத்தது மின்சாரக் காடி என்கிறார்கள். அதற்கும் முதலில் கேட்க வேண்டியது காடியின் விலை அல்ல. வாடகை அடுக்குமாடியில் இருப்பவர் எங்கே சார்ஜ் போடுவார், தோட்டத்து எல்லையில் இன்னும் வாழும் குடும்பத்துக்கு அதற்கான மின்கம்பி எப்போது வரும், யூனிட்டுக்கு என்ன விலை என்று கேட்க வேண்டும். ஒரு காலத்தில் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்த கை எங்கோ இருந்தது. பிள்ளைகள் அதற்கு முன்னே பாடத்தை முடித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை அந்த நேரத்தைக் குறிக்கும் இடத்தில் நம்மவர் குரலும் இருக்கட்டும்.