எருவும் ஓர் இல்முதான்: அந்தலூஸின் தோட்ட நூல்கள்

அந்தலூஸ் என்றதும் நம்மவர்களுக்கு குர்துபா பள்ளிவாசல், அல்ஹம்ரா, இப்னு ருஷ்து நினைவுக்கு வரும். மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அந்த மேடைகளில் யாராவது எருவைப் பற்றிப் பேசியதுண்டா? கத்தரிக்காயை ஐரோப்பாவுக்குப் பழக்கிய அந்த மண்ணில், 11ஆம் 12ஆம் நூற்றாண்டுகளில் பயிர்ச்செய்கைக்கென்றே தனி நூல்கள் எழுதப்பட்டன.

இப்னு பஸ்ஸால் துலைத்துலாவில் மஃமூனின் தோட்டத்தில் வேலை செய்தவர். 1085இல் அந்நகரம் கைவிட்டுப் போன பின் இஷ்பீலியாவில் தொழிலைத் தொடர்ந்தார். அவரது நூலில் முந்திய ஏடுகளின் மேற்கோள்களைக் காண்பது அரிது. கைபட்டுக் கண்டதை எழுதுகிறார். நிலத்தைப் பத்து வகையாகப் பிரிக்கிறார்: மென்மண், கரடுமண், மலைமண், மணல், செம்மண், வெண்மண் என்று போகிறது. ஒவ்வொன்றின் குணமும் வேறு, பராமரிப்பும் வேறு.

நூறு வருடம் கழித்து வந்த இப்னுல் அவ்வாமின் ‘கிதாபுல் பிலாஹா’ 34 அத்தியாயங்கள் கொண்ட பெரிய நூல். அதன் ஒழுங்கைப் பாருங்கள்: முதல் அத்தியாயம் மண், இரண்டாவது எரு, மூன்றாவது நீர். பயிர்கள் அதற்குப் பிறகுதான். பழைய நூல்களை எடுத்துக்காட்டிவிட்டு, இஷ்பீலியாவுக்கு அருகே அஷ்ஷரஃபில் தாம் செய்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறார். சாணம், வைக்கோல், சாம்பல் எல்லாவற்றையும் கலந்து மக்க வைக்க வேண்டும். புதுச் சாணத்தை அப்படியே போடக்கூடாது. புறா எச்சம் சூடு, கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்பவை இந்த மரபின் அடிப்படைகள். இன்றைய மண்ணியலும் இதைத்தான் சொல்கிறது. மக்காத வைக்கோலை மண்ணில் போட்டால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும். புறா எச்சத்தில் நைதரசன் மிகுதி. அளவு கூடினால் வேர் கருகும்.

இதெல்லாம் சும்மா பழம்பெருமை இல்லை. கற்பிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் நிலம், மேலே வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும், கீழே ஆழமில்லாத நன்னீர். மணலுக்கு எதையும் பிடித்து வைக்கத் தெரியாது. போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மீதி நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீருக்குரிய 50 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிய கிணறுகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. மக்கிய எரு மணலுக்குள் இருந்தால் நீரும் சத்தும் கொஞ்ச நேரம் தங்கும். யூரியாவும் குறைவாகவே தேவைப்படும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பூவரசங்குழை தாழ்த்தியதும் இதற்காகத்தான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். இடையில் பட்டது விவசாயி. அந்தலூஸ்காரரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். எருக்குவியல் பதமாக மாதங்கள் ஆகும், வர்த்தமானிக்கு ஒரு நாள் போதும். அந்தத் தோல்வியைச் சாட்டாக வைத்து இயற்கை எருவே பைத்தியக்காரத்தனம் என்று இப்போது பேசுவதும் சரியில்லை. ஏற்பாடு இல்லாமல் செய்ததுதான் பிழை.

ஸ்பானியர் 1802இல் மத்ரீதில் இப்னுல் அவ்வாமை அரபு மூலத்தோடு தம் மொழியில் அச்சிட்டார்கள். நம்மட மத்ரஸாக்களில் அரபு படித்த ஆலிம்களுக்குக் குறைவில்லை. மண், எரு, நீர் என்ற அந்த முதல் மூன்று அத்தியாயங்களையாவது அவர்களில் ஒருவர், ஒரு விவசாயப் போதனாசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோட்டக்காரருக்கு விளங்கும் தமிழில் தரலாம்.