குருந்தம் சென்ற தூரம்

ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என வழங்கும் கனிமப் பெயர் தமிழின் 'குருந்தம்' என்னும் சொல்லிலிருந்து சென்றது என்று ஆங்கில அகராதிகளே குறிக்கின்றன. சாணைக்கல்லுக்கு உதவிய கல் அது. 1891-ஆம் ஆண்டு அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன், களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சூடேற்றி மிகக் கடினமான ஒரு பொருளைப் பெற்றார். கரியும் குருந்தமும் கலந்து உண்டானது அது என்று எண்ணியதால் 'கார்போரண்டம்' எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. பிழையான ஊகம் என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஒருவர் தம் வீட்டு வாசலில் காரின் வண்ணப்பூச்சை நீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றும்போது, கையிலிருக்கும் கருநிற உப்புத்தாளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் இப்பொருளே.

எளிய கைவேலையாகத் தோன்றும் இந்த நீர்த்தேய்ப்புக்குப் பின்னே மனித உயிர்களைப் பற்றிய ஒரு வரலாறு உண்டு.

தொடக்ககால மோட்டார் வண்டிகளுக்குக் குதிரை வண்டிகளுக்குரிய முறையிலேயே வண்ணம் பூசினார்கள். எண்ணெயில் குழைத்த பூச்சும் வார்னிஷும் படலம் படலமாக ஏறும். ஒவ்வொரு படலமும் உலரவேண்டும். உலர்ந்தபின் தேய்த்துச் சமப்படுத்தவேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். மேற்பூச்சுகளை நுரைக்கல் பொடியும் நீரும் கொண்டு தேய்த்தார்கள். ஆனால் அடிப்பூச்சுகளில் ஈய வெள்ளை கலந்திருக்கும். அவற்றைச் சாதாரண உப்புத்தாளால் உலர்வாகவே தேய்ப்பது வழக்கம். அக்காலத்துத் தாளில் மணலை ஒட்டியது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம். நீர் பட்டால் அது இளகிவிடும். ஆகவே தூசி எழுந்தது. தேய்ப்பவரின் நெஞ்சுக்குள் ஈயம் சென்றது.

அமெரிக்கத் தொழிற்கூடங்களில் ஈய நஞ்சை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், வண்ணம் பூசுவோரின் உடல்நலம் பற்றிய தமது அறிக்கையை 1913-இல் வெளியிட்டார். கைகழுவாமல் உண்பதால்தான் நோய் வருகிறது என்று பழியைத் தொழிலாளர்மீதே சுமத்திய காலம் அது. மூச்சில் புகும் தூசியே பெருங்காரணம் என்று அவர் வாதிட்டார். 1921-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஈய வெள்ளை குறித்து ஓர் உடன்படிக்கையை ஏற்றது. உலர்வாகத் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியின் ஆபத்தை, இயலும் இடங்களிலெல்லாம் தடுக்கவேண்டும் என்று அதன் ஐந்தாம் பிரிவு கூறுகிறது.

அதே 1921-இல்தான் நீர் தாங்கும் உப்புத்தாள் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கியவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த அச்சுமை உற்பத்தியாளர் ஃபிரான்சிஸ் ஓக்கி. 1920-இல் அவர் 'மினசோட்டா மைனிங்' நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பல அளவிலான தேய்ப்பு மணல்களின் மாதிரிகளைக் கேட்டார். மை செய்பவருக்கு மணல் எதற்கு என்று வியந்த வில்லியம் மெக்நைட் விசாரித்தறிந்து, அக்கண்டுபிடிப்பின் உரிமையை வாங்கினார். பின்னர் ஓக்கியையும் பணியில் சேர்த்துக்கொண்டார். நீரில் கரையாத பசையே அத்தாளின் இரகசியம். தேய்க்கும்போது நீர் மூன்று வேலைகளைச் செய்கிறது: தூசியைச் சேறாக்கி அடக்குகிறது, தாளின் மணற்பற்களுக்கிடையே அடைப்பு நேராமல் கழுவுகிறது, சூட்டைத் தணிக்கிறது.

இன்று 'த்ரீ எம்' எனப்படும் அந்நிறுவனம் 1902-இல் குருந்தம் வெட்டியெடுக்கவே தொடங்கப்பட்டது. கிடைத்ததோ தேய்ப்புக்கு உதவாத அனார்த்தசைட் பாறை. அதனால்தான் உப்புத்தாள் தயாரிப்பில் இறங்கினார்கள். நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் அனார்த்தசைட் உண்டு. அங்கே அப்பாறையோடு குருந்தமும் கிடைக்கிறது.

1923-இல் டூபான்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' பூச்சு ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில் நீலமாக ஏறியது. 1914 முதல் 1925 வரை ஃபோர்டின் 'டி' மாதிரி கறுப்பில் மட்டுமே வந்ததை எண்ணிப் பார்த்தால் அந்த நீலத்தின் அருமை விளங்கும். நைட்ரோசெல்லுலோசில் ஆன டூக்கோ விரைவில் உலர்ந்தது. ஆனால் தெளித்தவுடன் மங்கலாக இருக்கும். தேய்த்து மெருகிட்டால்தான் ஒளிரும். நீர்த்தாளின் தேவை அதனால் பெருகியது. நம் ஊர்ப் பட்டறைகளில் 'டூக்கோ' என்பது இன்றும் பொதுப்பெயராக வழங்குவதை வாசகர் கேட்டிருக்கலாம்.

இன்றைய கார்களில் நிறப்படலத்தின் மேல் நிறமற்ற ஒளிப்படலம் ஒன்று உள்ளது. அதன் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. 1500 அல்லது 2000 எண் தாளை ஊறவைத்து, மென்மையான கட்டையில் சுற்றி, சில துளி சோப்பு நீரோடு தேய்க்கிறார்கள். பிறகு 3000 எண் தாள், அதன்பின் காம்பவுண்ட், இறுதியில் நுண்மெருகு. பெரிய கீறல்களை வரவரச் சிறிதாக்கி, கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குக் கொண்டுசெல்வதையே நாம் பளபளப்பு என்கிறோம். ஒவ்வொரு தேய்ப்பிலும் படலம் சிறிது குறைகிறது. வெயிலைத் தாங்குவது அப்படலமே; அளவு மீறினால் நிறம் வெளுத்து உரியும். அதனால்தான் படலத்தின் கனத்தைக் கருவியால் அளந்தபின்பே தேய்க்கத் தொடங்கவேண்டும் என்பார்கள்.

ஈயம் கலந்த பூச்சுடைய பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உலர்தாளால் தேய்க்கும் சிறுவர்களைப் பட்டறைகளில் காண்கிறோம். ஒரு குவளை நீர் தடுக்கும் தீங்கு எது என்பது நூறாண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்டது. காரின் மெருகை வியக்கும்போது, அதைத் தேய்த்தவரின் மூச்சையும் நாம் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.