விளக்கில் விளைந்த மை

கண்ணுக்கிடும் மைக்குப் பிறப்பிடங்கள் இரண்டு. ஒன்று கல், மற்றொன்று விளக்கு. பண்டை எகிப்தியர் ஈயக் கல்லை அரைத்துத் தீட்டினர். லூவர் அரும்பொருட்சாலையிலுள்ள அவர்தம் மையை ஆராய்ந்தோர், அதிற் செயற்கையாய் ஆக்கிய ஈய உப்புக்களும் கலந்திருந்தமையை 1999இல் வெளியிட்டனர். நம்மவரும் அஞ்சனக்கல்லை அறிந்தவரே. ஆயினும் இல்லங்களில் நிலைத்தது விளக்கு மை. மலிவே காரணமென்பது என் கருத்து.

கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து நிழலில் உலர்த்திய துணியைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரிப்பர். மேலே செப்புத் தட்டைக் கவிழ்ப்பர். காற்றுப் புக இடைவெளி விடாவிடின் விளக்கு அணைந்துவிடும். விடியலில் தட்டிற் படிந்த கரியை வழித்துத் துளி நெய்யிற் குழைத்தால் மை ஆயிற்று. திரியிலும் எண்ணெயிலும் ஈயத்திற்கு இடமேது? கடைகளில் விற்கும் சுர்மாக்கள் சிலவற்றிலோ இன்றும் ஈயம் உண்டு. எந்த மையாயினும் பச்சிளங் குழந்தையின் கண்ணுக்குள் இடலாகாதென்பர் மருத்துவர். கன்னத்திலிடும் கண்ணூறுப் பொட்டு வேறு.